4 பேர் டீம் 9 பேர் ஆகிறது: ஆள் வருவதற்கு முன் எதையெல்லாம் சரிசெய்து வைக்க வேண்டும்?

மூன்றாம்கோணம்

எல்லோருக்கும் வணக்கம். யூனிட்டி 6 என்ற கேம் எஞ்சினில் ஒரு முப்பரிமாண ஆக்‌ஷன் கேம். டீமில் இப்போது 4 பேர்: 2 ப்ரோகிராமர் (ஒருவர் டிசைனையும் சேர்த்துப் பார்க்கிறார்), 1 மாடலர், 1 அனிமேட்டர். டெமோ தயார். பப்ளிஷருடன் ஒப்பந்தம் கையெழுத்தாகும் கட்டத்தில் இருக்கிறது. முழு கேமுக்கு 18 மாதம். 6 பகுதிகள், 24 வகை எதிரிகள்.

முதல் தவணை வந்ததும் 5 பேரை எடுத்து 9 பேர் ஆகலாம் என்று திட்டம்: 2 ப்ரோகிராமர், 2 மாடலர், 1 லெவல் டிசைனர். இந்தப் பட்டியல் சரியா? யாரை முதலில் எடுப்பது?

இன்னொரு சிக்கல், சோர்ஸ் கன்ட்ரோல், அதாவது எல்லோருடைய கோப்பு மாற்றங்களையும் பதிந்து சேர்த்து வைக்கும் முறை. பயன்படுத்துவது கிட் என்ற மென்பொருள்தான். எல்லாக் கோப்புகளும் அவற்றின் பழைய வடிவங்களும் இருக்கும் ரெப்போ 38 ஜிபி ஆகிவிட்டது. பெரிய கோப்புகளைத் தனியாக வைக்கும் எல்எஃப்எஸ் பாதியில்தான் போட்டோம். இரண்டு பேர் ஒரே சீனை, அதாவது கேமின் ஓர் இடத்தை வைத்திருக்கும் கோப்பை, தொட்டால் ஒருவர் வேலை காணாமல் போகிறது. 4 பேர் என்பதால் "நான் திறக்கிறேன், நீ தொடாதே" என்று சாட்டில் சொல்லிச் சமாளிக்க முடிகிறது. 9 பேரில் இது நடக்காது என்று தெரிகிறது, எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

வேலைகளையும் தேதிகளையும் ஒழுங்குபடுத்தத் தனியாக ஒரு ப்ரொட்யூசர் தேவையா என்பதையும் சொல்லுங்கள்.

கணக்கன்

ஆள் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரெப்போவை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மீதமிருக்கும் வேலையை நாள் கணக்கில் எழுதிப் பார்த்தீர்களா? டெமோவுக்காக 2, 3 எதிரிகளைச் செய்து முடித்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் நிஜமாக எத்தனை நாள் ஆனது என்பது டாஸ்க் போர்டிலேயே இருக்கும். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: கான்செப்ட் 2 நாள், மாடலும் டெக்ஸ்ச்சரும் 8, ரிக் (மாடலை அசைக்கும் எலும்புக்கூடு) 2, அனிமேஷன் 10, ஏஐ கோடு 4, எஃபெக்ட் 2, ஒலி 1, பேலன்ஸ் 3.

ரிக், அனிமேஷன் இரண்டும் அனிமேட்டர் தலையில் என்றால் ஒரு எதிரிக்கு 12 நாள், 24 எதிரிக்கு 288 நாள். ஒருவர் மாதத்துக்கு 21, 22 நாள் வேலைக்கு வந்தாலும் விடுப்பு, மீட்டிங், திருத்தம், பில்டு (ஓடக்கூடிய கேம் வடிவம்) உடைந்து கிடக்கும் நேரம் எல்லாம் போக, கணக்கில் 16 நாள்தான் வைக்க வேண்டும். 288-ஐ 16-ஆல் வகுத்தால் 18 மாதம். கதாநாயகனின் அசைவு, பாஸ் சண்டை, கதை சொல்லும் கட்சீன் எதையும் தொடாமலே உங்கள் ஒரே அனிமேட்டரின் மொத்தக் காலமும் தீர்ந்துவிட்டது. அதே கணக்கில் மாடல் 192 நாள், அதாவது 12 மாதம். ஏஐ கோடு 96 நாள், 6 மாதம். ஆனால் எடுக்கப்போகும் 5 பேரில் அனிமேட்டர் ஒருவர்கூட இல்லை, ப்ரோகிராமர் இரண்டு பேர். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், இந்தக் கணக்கைப் போடாமல் மட்டும் யாரையும் எடுக்காதீர்கள்.

கணக்கு போட்டதும் ஆள் எடுக்கவும் ஓடாதீர்கள். முதலில் வேலையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். 24 எதிரிக்கு 24 எலும்புக்கூடு வேண்டியதில்லை, 6 போதும். ஒரே எலும்புக்கூடு உள்ள ஒவ்வொரு குடும்பத்திலும் முதல் எதிரிக்கு 12 நாள், மீதி 18 எதிரிக்குத் தலா 3 நாள் என்றால் 72 + 54 = 126 நாள். சுமார் 8 மாதம். நடை, அடிபடுவது, விழுவது பொதுவாக இருக்கட்டும். தாக்குதலும் தாக்குமுன் வரும் எச்சரிக்கை அசைவும்தான் எதிரிக்கு எதிரி வேறுபட வேண்டும். ஆடுபவர் கண் அங்கேதான் இருக்கும். இரண்டு கால் உருவங்களுக்கு யூனிட்டியின் ஹ்யூமனாய்ட் ரிக் இருந்தால் ரீடார்கெட்டிங், அதாவது ஒரு உருவத்தின் அசைவை வேறு உருவத்துக்குப் பொருத்தும் வசதி, கிடைக்கும். நாலு கால், இறக்கை உள்ளவை ஜெனரிக் ரிக்கில் போகும். அங்கே எலும்புகளின் பெயரும் அடுக்கும் குடும்பம் முழுக்க ஒன்றாக இருந்தால்தான் ஒரு எதிரியின் கிளிப் (ஒரு தனி அசைவு) இன்னொன்றுக்குப் பொருந்தும். மாடலர் இஷ்டத்துக்கு ஒரு வால் எலும்பைப் பெயர் மாற்றினால் அந்த வால் அசையாமல் நிற்கும்.

அடுத்து, நெருக்கடி எங்கே நகரும் என்பதையும் பாருங்கள். இரண்டாவது அனிமேட்டர் வந்தால் கிளிப்புகள் வேகமாக வரும். அவற்றை கேமில் பூட்டுவது யார்? எதிரிக்கு 30 கிளிப் என்றால் 720 கிளிப். ஒன்றுக்கு 20 நிமிடம் ஒரு ப்ரோகிராமர் உட்கார்ந்தால் 240 மணி நேரம், முழுசாக 30 வேலை நாள். எலும்புக்கூட்டுக் குடும்பத்துக்கு எப்போது எந்த கிளிப் ஓடும் என்பதைச் சொல்லும் ஒரு அடிப்படை அனிமேட்டர் கன்ட்ரோலர் வைத்து, மற்ற எதிரிகளுக்கு அதில் கிளிப்பை மட்டும் மாற்றும் ஓவர்ரைடு கன்ட்ரோலர் கொடுத்துவிட்டால் கிளிப்பை மாற்றிப் போடுவதை அனிமேட்டரே செய்துவிடலாம். அடி விழும் ஃப்ரேம், காலடி ஓசை எல்லாம் அனிமேஷன் ஈவென்ட்டாக அவர் கையிலேயே இருக்கட்டும். உயிர் அளவு, வேகம், சேதம் போன்ற எண்கள் ஸ்கிரிப்டபிள் ஆப்ஜெக்ட் என்ற தனித் தரவுக் கோப்புக்குப் போகட்டும், டிசைனர் கோடைத் திறக்கவே கூடாது.

ஆக என் வரிசை: முதலில் டூல்ஸ் எழுதத் தெரிந்த ஒருவர் (டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்றாலும் சரி, டூல்ஸ் ப்ரோகிராமர் என்றாலும் சரி), கூடவே அனிமேட்டர். பிறகு லெவல் டிசைனர். அதன் பிறகு மாடலர். ஒலிக்கும் இசைக்கும் முழுநேர ஆள் தேவையில்லை, காண்ட்ராக்ட் போதும். ஆனால் அவரைக் கடைசி 3 மாதத்தில் கூப்பிடாதீர்கள், எதிரியின் எச்சரிக்கை ஒலி டிசைனின் ஒரு பகுதி.

கிளைவெட்டி

ரெப்போவுக்கு வருகிறேன். இதைப் புதியவர்கள் வருவதற்கு முன்பே முடிக்க வேண்டும். 4 பேர் இருக்கும்போது அரை நாள் வேலை, 9 பேர் ஆன பின் ஒரு வாரத் தலைவலி.

38 ஜிபி என்றதும் முதலில் பார்க்க வேண்டியது லைப்ரரி ஃபோல்டர் உள்ளே போயிருக்கிறதா என்பது. லைப்ரரி, டெம்ப், ஓபிஜே, லாக்ஸ், யூசர்செட்டிங்ஸ் ஐந்தும், கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றின் பட்டியலான கிட்இக்னோரில் இருக்க வேண்டும். இவை ஒவ்வொரு இயந்திரத்திலும் யூனிட்டி தானாக உருவாக்கிக்கொள்பவை.

எல்எஃப்எஸ் பாதியில் போட்டதால் என்ன ஆகிறது என்றால், விதி எழுதுவதற்கு முன் கமிட் ஆன (ரெப்போவில் பதிந்த) பிஎஸ்டி, எஃப்பிஎக்ஸ், வேவ் என்ற படம், மாடல், ஒலிக் கோப்புகள் எல்லாம் ஹிஸ்டரியில் அப்படியே கிடக்கின்றன. இப்போது விதி சேர்த்தாலும் பழையவை போகாது. குளோன் செய்கிற (ரெப்போவை நகலெடுக்கிற) ஒவ்வொருவரும் அவற்றையும் இறக்குகிறார்கள். இதற்கு எல்எஃப்எஸ்ஸின் மைக்ரேட் இம்போர்ட் கட்டளை இருக்கிறது. அது ஹிஸ்டரியையே திருத்தி எழுதும், கமிட் ஹேஷ் (ஒவ்வொரு பதிவின் அடையாள எண்) எல்லாம் மாறும். எனவே செய்யும் முறை முக்கியம்: எல்லோரும் வேலையை புஷ் செய்து (சர்வருக்கு அனுப்பி), திறந்திருக்கும் பிராஞ்சுகளை, அதாவது தனியாகப் பிரித்த கிளைகளை, மெயின் என்ற முதன்மைக் கிளையில் சேர்த்து மூடுங்கள். முழு ரெப்போவை மிரர் குளோனாக வேறு டிஸ்கில் பத்திரப்படுத்துங்கள். ஒருவர் மட்டும் மைக்ரேட்டை ஓட்டி ஃபோர்ஸ் புஷ் (சர்வரில் இருப்பதன் மேலேயே எழுதுவது) செய்யட்டும். மற்றவர்கள் பழைய ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக குளோன் எடுக்க வேண்டும். யாராவது பழைய குளோனை வைத்துக்கொண்டு மெர்ஜ் செய்து (புதியதோடு இணைத்து) புஷ் செய்தால் பழைய ஹிஸ்டரி மொத்தமும் திரும்ப உள்ளே வந்துவிடும். பாதிப் பேருக்கு இங்கேதான் பிசகுகிறது.

ரெப்போ கிட்ஹப் தளத்தில் இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள்: எல்எஃப்எஸ்ஸில் போகாத கோப்பு 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கும், 100 எம்பியைத் தாண்டினால் புஷ்ஷையே ஏற்காது. 4கே டெக்ஸ்ச்சரின் லேயர் கோப்பு சர்வசாதாரணமாக அதைத் தாண்டும்.

அடுத்து மெட்டா கோப்பு, அதாவது படம், மாடல் போன்ற ஒவ்வொரு அசெட்டுக்கும் யூனிட்டி கூடவே வைக்கும் குறிப்புக் கோப்பு. யூனிட்டி ஒரு அசெட்டைப் பெயரை வைத்து அடையாளம் காண்பதில்லை, மெட்டாவுக்குள் இருக்கும் ஜியுஐடி என்ற அடையாள எண்ணை வைத்துத்தான். ஒருவர் புது மெட்டீரியலை மட்டும் கமிட் செய்து மெட்டாவை விட்டுவிட்டால், இழுத்துக்கொள்பவரின் யூனிட்டி அதற்கு வேறொரு ஜியுஐடி கொடுத்துவிடும். முதலாமவரின் ப்ரிஃபேப் (மறுபடி மறுபடி பயன்படுத்தும் பொருளின் அச்சு) பழைய எண்ணைத் தேடும், இரண்டாமவர் திரையில் எல்லாம் மெஜந்தா நிறமாக நிற்கும். புதியவர்கள் முதல் வாரத்தில் கட்டாயம் செய்யும் தவறு இது. வாய்மொழியாகச் சொல்லி வைப்பதில் பயனில்லை. மெட்டா இல்லாத அசெட், அசெட் இல்லாத மெட்டா இரண்டையும் மறுக்கும், கமிட்டுக்கு முன் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹூக் ஒன்று எழுதிவிடுங்கள். இருபது வரி ஸ்கிரிப்ட்.

சீன் மோதல். வேலை காணாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் கிட் இல்லை. கான்ஃபிளிக்ட் வந்ததும் ஒருவர் "என்னுடையதையே வை" என்று அழுத்திவிடுகிறார், மற்றவருடையது போய்விடுகிறது. அசெட் சீரியலைசேஷன் என்ற செட்டிங், கோப்புகளை எழுத்தாகச் சேமிக்கும் ஃபோர்ஸ் டெக்ஸ்ட்டில் இருக்கிறதா பாருங்கள். யூனிட்டியுடன் வரும், சீன் கோப்புகளை இணைக்கும் யாம்ல் மெர்ஜ் கருவியை கிட்டின் மெர்ஜ் டூலாகக் கட்டுங்கள். ஆனாலும் சீன் மெர்ஜை நம்பி வாழ வேண்டாம், மோதலே வராதபடி பிரிப்பதுதான் வழி. ஒரு பகுதி என்பது ஒரே சீன் இல்லை. தரை, சுவர், பொருள்கள் ஒரு சீன், ஒளி ஒன்று, எதிரிகளும் ட்ரிகர்களும் ஒன்று, ஒலி ஒன்று. ஓடும்போது நான்கையும் அடிட்டிவாக, ஒன்றோடு ஒன்று சேர்த்து, ஏற்றுங்கள். அறை ஒவ்வொன்றும் தனி ப்ரிஃபேப். அப்போது லெவல் டிசைனரும் லைட்டிங் செய்பவரும் ஒரே நாளில் ஒரே பகுதியில் வேலை செய்யலாம். இதில் இரண்டு கவனம்: ஒரு சீனில் இருக்கும் பொருளை இன்னொரு சீனிலிருந்து நேரடியாக ரெஃபரன்ஸ் செய்து சேமிக்க முடியாது, கதவு எண், ஈவென்ட் மாதிரி இடைவழி வேண்டும். லைட் பேக் (ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டுச் சேமிப்பது) செய்யும்போது நான்கையும் திறந்து வைத்தே பேக் செய்யுங்கள்.

மெர்ஜ் ஆகவே ஆகாத கோப்புகளுக்கு லாக். கிட்ஆட்ரிப்யூட்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் அந்தக் கோப்பு நீட்டிப்புகளுக்கு லாக்கபிள் என்று குறித்தால், லாக் எடுக்கும் வரை கோப்பு ரீட்-ஒன்லியாக இருக்கும். ஒருவர் எடுத்தால் மற்றவர் எடுக்க முடியாது. இதில் ஒரு ஓட்டை: லாக்குக்கு பிராஞ்ச் தெரியாது. நீங்கள் உங்கள் பிராஞ்சில் கேரக்டர் டெக்ஸ்ச்சரைத் திருத்தி, புஷ் செய்து, லாக்கை விட்டுவிட்டீர்கள். பிராஞ்ச் இன்னும் மெயினுக்கு வரவில்லை. மற்றவர் மெயினில் இருக்கும் பழைய டெக்ஸ்ச்சரை லாக் எடுத்துத் திருத்துகிறார். இப்போது இருவர் வேலையில் ஒன்றைத் தூக்கிப் போட்டே ஆக வேண்டும். அதனால் ஆர்ட் வேலை நேராக மெயினில் நடக்கட்டும். பிராஞ்ச் கோடுக்கு மட்டும், அதுவும் 2, 3 நாளுக்கு மேல் உயிரோடு இருக்கக் கூடாது.

பெர்ஃபோர்ஸ் என்ற வேறு சோர்ஸ் கன்ட்ரோலுக்கு மாறலாமா என்ற கேள்வி வரும். இலவச அளவு 5 பேர் வரைதான், உங்களுக்குக் கட்டணம் வரும். அன்ரியல் எஞ்சின் என்றால் மாறச் சொல்லியிருப்பேன், ப்ளூபிரின்ட் என்ற அதன் காட்சி வழிக் கோடு எல்லாம் மெர்ஜ் ஆகாத பைனரி, லாக் இல்லாமல் பிழைக்க முடியாது. யூனிட்டியில் 9 பேருக்கு மேலே சொன்ன ஒழுங்கு போதும்.

கடைசியாக, பில்டு இயந்திரம். யாருடைய கம்ப்யூட்டரிலும் இனி பில்டு எடுக்கக் கூடாது. தனி இயந்திரம் ஒன்று. ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஸ்கிரிப்ட் கம்பைல் ஆகிறதா என்று மட்டும் பார்க்கட்டும். இரவில் முழு பில்டு. அது முடிந்ததும் தானாக ஓடிப் பார்க்கட்டும்: மெனு வருகிறதா, முதல் பகுதி ஏறுகிறதா, 60 விநாடி ஓடி பதிவுக் கோப்பில் எக்ஸெப்ஷன் பிழை இல்லாமல் இருக்கிறதா. தேறினால் ஸ்டீம் கடையில் பாஸ்வேர்டு போட்ட பீட்டா (சோதனை) பிராஞ்சுக்கு ஏற்றட்டும். எல்லோருக்கும் போகும் டிஃபால்ட் பிராஞ்சை ஸ்கிரிப்ட்டால் லைவ் ஆக்க முடியாது, பார்ட்னர் தளத்தில் கையால்தான் செய்ய வேண்டும், எனவே விபத்தாக வெளியே போகும் பயம் வேண்டாம். திரையின் ஓரத்தில் கமிட் ஹேஷின் முதல் 7 எழுத்து தெரியட்டும். "எந்த பில்டில் இந்த பக்?" என்ற கேள்வி ஒரு நாளில் பத்து முறை மிச்சமாகும். அதே நெட்வொர்க்கில் யூனிட்டி ஆக்ஸலரேட்டரையும் போட்டுவிட்டால் புதியவர் ப்ராஜெக்ட்டை முதல்முறை திறக்கும்போது எல்லாவற்றையும் அவர் இயந்திரமே மறுபடி இம்போர்ட் செய்ய வேண்டியிராது.

பகல்விளக்கு

கணக்கன் போட்ட வரிசை சரி. ஒரே வாரத்தில் 5 பேரை உள்ளே விடுவது எனக்கு ஒப்பவில்லை.

4 பேருக்குள் 6 ஜோடிகள்தான், எல்லோருக்கும் எல்லாம் காதில் விழுந்துவிடும். 9 பேரில் 36 ஜோடிகள். தாமதமான மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975-இல் எழுதியதற்குக் காரணம் இதுவும், புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரமும்தான். திட்டத்தில் இப்படி வையுங்கள்: வருபவர் முதல் மாதம் கால்வாசி வேகம், இரண்டாம் மாதம் பாதி, மூன்றாம் மாதம்தான் முழு வேகம். அந்த முதல் மாதத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் பழைய ஆளின் நேரத்தில் மூன்றில் ஒன்று போகும். 4 பேர் சேர்ந்து 5 பேரைத் தூக்கிச் சுமந்தால் கேம் ஒரு மாதம் அப்படியே நிற்கும். முதலில் 2 பேர். 6 முதல் 8 வாரம் கழித்து 2 பேர். பிறகு ஒருவர். ஒவ்வொரு அலையும் மைல்ஸ்டோன் (பப்ளிஷருக்கு வேலையைக் காட்ட வேண்டிய கட்டம்) முடிந்த மறுநாள் வரட்டும், மைல்ஸ்டோனுக்கு இரண்டு வாரம் முன்பு வேண்டவே வேண்டாம்.

தேர்வுக்கு ஒரு நாள் அளவில் சின்ன வேலை கொடுங்கள், அதற்குக் காசு கொடுங்கள், அதை கேமில் பயன்படுத்தாதீர்கள். அனிமேட்டர் என்றால் உங்கள் ரிக்கைக் கொடுத்து ஒரு தாக்குதல், ஒரு அடிபடல். பார்க்க வேண்டியது அழகு மட்டும் இல்லை. கோப்புப் பெயர் நீங்கள் கொடுத்த முறையில் இருக்கிறதா? யூனிட்டியில் 1 அலகு 1 மீட்டர், அந்த அளவில் வந்ததா? குழப்பமான இடத்தில் கேள்வி கேட்டாரா, தானாக ஊகித்துவிட்டாரா? கொடுத்ததும் ஒரு திருத்தம் சொல்லி மறுபடி வாங்கிப் பாருங்கள். அடுத்த 18 மாதமும் அந்தத் திருத்தச் சுற்றில்தான் கழியும்.

வந்த முதல் நாளுக்கான அளவுகோல் எளிது: வெறும் இயந்திரத்திலிருந்து தொடங்கி மாலைக்குள் கேம் அவர் எடிட்டரில் ஓட வேண்டும். மறுநாள் ஒரு சின்ன திருத்தம், ஒரு எழுத்துப்பிழையாக இருந்தாலும் சரி, மெயினுக்குப் போக வேண்டும். எங்கே தடுக்கியதோ அதை அவரே அமைப்புக் குறிப்பில் எழுதிச் சேர்க்கட்டும். மூன்றாவது ஆள் வரும்போது அந்தக் குறிப்பு நன்றாகத் தேறியிருக்கும்.

இதைவிடக் கடினமானது முடிவெடுக்கும் உரிமை. 4 பேரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் கருத்துச் சொல்லலாம். 9 பேரில் அதையே தொடர்ந்தால் ஒரு கதவின் நிறத்துக்கு மூன்று நாள் ஆகும். துறைக்கு ஒரு பெயர் எழுதி ஒட்டுங்கள்: கோடு, ஆர்ட், டிசைன், ஒலி. கருத்து யாரும் சொல்லலாம், முடிவு அந்தப் பெயருக்குரியவரது. துறைகள் மோதினால் கேமின் பார்வை யாரிடம் இருக்கிறதோ அவர் ஒருவர். எடுத்த முடிவை, தேதி, காரணத்தோடு ஒரே பக்கத்தில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். ஐந்தாம் மாதம் வருபவர் "ஏன் இரட்டைத் தாவல் இல்லை?" என்று கேட்டால் அந்தப் பக்கத்தைக் காட்டினால் போதும். அது இல்லாவிட்டால் அந்த விவாதம் முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

ஆர்ட் ரிவ்யூ 24 மணி நேரத்துக்குள். மாடலர் பதிலுக்காக 3 நாள் காத்திருந்தால் அந்த 3 நாளும் அவர் தப்பான திசையில் மெருகேற்றிக்கொண்டிருப்பார். வாரம் ஒருமுறை 45 நிமிடம் எல்லோரும் இரவு பில்டை ஆட வேண்டும், பவர்பாயிண்ட் வேண்டாம், எடிட்டரும் வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் எந்த நெருக்கடியிலும் கைவிடாதீர்கள்.

ப்ரொட்யூசர்: முதல் அலையிலேயே வேண்டும் என்பது என் எண்ணம். பகுதி நேரமாக இருந்தாலும் பரவாயில்லை.

கணக்கன்

ப்ரொட்யூசர் விஷயத்தில் பகல்விளக்குடன் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. 6 பேர் வரை பழைய ஆள்களில் ஒருவர் நாளில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போர்டு, தேதி, பப்ளிஷர் அறிக்கை எல்லாம் ஓடும். 7-ஐத் தாண்டும்போது அது பாதி நாளைத் தின்னும், அப்போது எடுங்கள். முன்கூட்டியே எடுத்தால் அவரிடம் ஒழுங்குபடுத்த வேலை இருக்காது, அறிக்கைகள்தான் பெருகும். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தை யாராவது நிஜமாகவே ஏற்க வேண்டும். "எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்" என்றால் பகல்விளக்கு சொல்வதுதான் சரி.

மூன்றாம்கோணம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் எண்களைப் போட்டுப் பார்த்ததில் அனிமேஷன் 13 நாள் வருகிறது, ரிக் தனி. ஆக அனிமேட்டர் முதல் அலைக்கு வந்துவிட்டார், ஒரு ப்ரோகிராமர் குறைகிறார்.

இரண்டு சந்தேகம். லாக் எடுத்தவர் அப்படியே விடுப்பில் போய்விட்டால்? இரண்டாவது, இரண்டு ப்ரோகிராமரில் லீடு ஆகிறவர் எவ்வளவு கோடு எழுதலாம்? இருவருமே முக்கியமான சிஸ்டங்களை வைத்திருக்கிறார்கள்.

கிளைவெட்டி

ஃபோர்ஸ் அன்லாக் இருக்கிறது. ரெப்போவில் நிர்வாக உரிமை உள்ளவர் அடுத்தவர் லாக்கை விடுவிக்கலாம். அந்த உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும், எல்லோரிடமும் வேண்டாம். விடுவிக்கும் முன் அவர் இயந்திரத்தில் புஷ் ஆகாத வேலை இருக்கிறதா என்று அவரிடம் கேட்டாக வேண்டும், இல்லையென்றால் அவர் திரும்பி வந்ததும் அந்த வேலை போய்விடும். பில்டு இயந்திரம் தினம் மாலை லாக் பட்டியலை டீம் சாட்டில் போடட்டும். 2 நாளைத் தாண்டிய லாக்குக்கு ஒரு கேள்வி போனாலே பழக்கம் வந்துவிடும்.

பகல்விளக்கு

லீடுக்குக் கீழே 2 பேர் என்றால் பாதி நாள் கோடு, 4 பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு என்று திட்டமிடுங்கள். அதைவிட முக்கியம், என்ன கோடு என்பது. மற்றவர் காத்திருக்கும் வேலையை லீடு எடுக்கக் கூடாது. சண்டை சிஸ்டம் அவர் கையில் இருந்து, அவர் மூன்று நாள் ரிவ்யூவிலும் பப்ளிஷர் அழைப்பிலும் மாட்டிக்கொண்டால், அனிமேட்டரும் டிசைனரும் கைகட்டி நிற்பார்கள். அவருக்கு ஏற்றது ப்ரொஃபைலிங் (கேம் எங்கே மெதுவாகிறது என்று அளப்பது), டூல்ஸ், சேவ் சிஸ்டம், பக் மாதிரி தேதி நெருக்காத வேலை.

சிஸ்டங்களைக் கைமாற்ற ஒரு வழி: சேவ், சண்டை, ஏஐ, இன்புட் என்று பட்டியல் எழுதி, எதிரே அதைத் திறந்து திருத்தத் தெரிந்தவர் பெயர்களைப் போடுங்கள். ஒரே பெயர் உள்ள வரிசைகளில் வருகிற அடுத்த மூன்று பக்குகளையும் அந்தப் பெயருக்குரியவர் தொடக் கூடாது. மற்றவர் சரிசெய்வார், இவர் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லலாம். முதல் பக் மெதுவாகப் போகும், மூன்றாவதில் இரண்டாவது பெயரை எழுதிவிடலாம்.

ஓலைநறுக்கு

ஒப்பந்தமும் காசும் யாரும் தொடவில்லை.

பப்ளிஷர் கையெழுத்துக்கு முன்பே, இதுவரை கேமுக்கு வேலை செய்த ஒவ்வொருவரிடமும் உரிமை மாற்றம் எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். டெமோவுக்கு இசை போட்டவர், லோகோ வரைந்தவர் உட்பட. காசு கொடுத்தாகிவிட்டது என்பதாலேயே உரிமை உங்களுடையது ஆகிவிடாது. பல நாடுகளில் எழுதி வாங்காதவரை காண்ட்ராக்டில் செய்தவருக்கே அது சொந்தம். கூடவே மூலக் கோப்புகளையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்: லேயருடன் பிஎஸ்டி, பிளெண்டர் அல்லது மாயா சீன், இசைக்கு வாத்தியம் வாரியாகத் தனித்தனி ஸ்டெம். எஃப்பிஎக்ஸும் வேவும் மட்டும் வாங்கி வைத்தால் ஒரு ஆண்டு கழித்து ஒரு விரலைத் திருத்தக்கூட வழி இருக்காது.

லைசென்ஸ்: யூனிட்டியின் அசெட் ஸ்டோரில் எடிட்டர் எக்ஸ்டென்ஷன் வகை ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டியது. 4 பேருக்கு வாங்கியது 9 பேருக்குச் செல்லாது. இலவச வடிவமான யூனிட்டி பர்சனலின் வரம்பு, யூனிட்டி 6 முதல், 12 மாதத்தில் வருமானமும் நிதியும் சேர்த்து 2,00,000 டாலர். பப்ளிஷர் முன்பணமும் அதில் வரும். தாண்டினால் கட்டணமுள்ள ப்ரோ, அதுவும் எல்லோருக்கும். சிலருக்கு ப்ரோ, சிலருக்குப் பர்சனல் என்று கலக்க முடியாது.

காசுக் கணக்கை ஆள்-மாதத்தில் (ஒருவரின் ஒரு மாத வேலை) போடுங்கள். 90 ஆள்-மாதத்துக்குப் பணம் இருந்தால் 5 பேர் 18 மாதம், 9 பேர் 10 மாதம். நீங்கள் சொன்னபடி முதல் நாளே 9 பேர் என்றால் 18 மாதத்துக்கு 162 ஆள்-மாதம். அலை அலையாக, 2 மாத இடைவெளியில் எடுத்தால், 4 பேர் 18 மாதம் (72), முதல் அலை 2 பேர் 17 மாதம் (34), அடுத்த 2 பேர் 15 மாதம் (30), கடைசி ஒருவர் 13 மாதம் (13), மொத்தம் 149. மிச்சமான 13 ஆள்-மாதம்தான் தேதி தள்ளிப்போனால் கைகொடுக்கும். ஒரு ஆள்-மாதத்தின் விலையைச் சம்பளமாக மட்டும் வைக்காதீர்கள். இயந்திரம், மென்பொருள், வரி, விடுப்பு சேர்த்து சம்பளத்தைப் போல 1.3 மடங்கு என்று வையுங்கள்.

மைல்ஸ்டோன் பணம் நீங்கள் கொடுத்த அன்று வராது. அவர்கள் பார்த்து ஒப்புக்கொள்ள 10 வேலை நாள், பில் அனுப்பிய பின் 30 நாள் என்று எழுதியிருந்தால் ஒன்றரை மாதம் ஆகிவிடும். ஒருமுறை திருப்பி அனுப்பினால் இரண்டரை. அதனால் முழு டீமின் 3 மாதச் சம்பளம் கையில் இல்லாமல் இரண்டாவது அலைக்கு வேலை உத்தரவு கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்தில் "ஒப்புக்கொள்ளும் காலக்கெடு முடிந்தும் பதில் வராவிட்டால் ஏற்றதாகக் கருதப்படும்" என்ற ஒரு வரியைக் கேட்டுப் பாருங்கள். கையெழுத்துக்கு முன் கேட்டால் கிடைக்கும்.